பரதேசி நட்ட மரம்



ஆலய வளாகத்தின் வடக்கு மூலையில் புன்னை நடலாம் என்று நான் சொன்னபோது இரண்டு மறுப்புகள் எழுந்தன. “அது கடற்கரை மரம், தொட்டியத்தில் எதற்கு?” என்றார் மூப்பர் ஒருவர். “அது கோயில் மரமாயிற்றே, ஐயா” என்றார் ஒரு சகோதரி. இரண்டும் நேர்மையான கேள்விகள்.

புன்னை நெய்தல் நிலத்துக்குரியது என்பது உண்மையே. அதன் தடித்த இலை உப்புக்காற்றைத் தாங்கும், காய் கடல்நீரில் மிதந்து கரை சேரும், மரம் படகு கட்ட உதவும், விதையெண்ணெய் விளக்கெரிக்கும். ஆயினும் கடலுக்கு வெகு தொலைவில், திருவரங்கத்தில், சந்திர புஷ்கரணியின் அருகே அது நிற்கிறது. அக்கோயிலின் தலமரமே புன்னைதான். நம் காவிரிக்கரை மண் அதை ஏற்கும் என்பதற்கு இதுவே சான்று.

கோயில் அதைக் காத்தது, படைத்தவர் கர்த்தர். அயலார் போற்றும் மரத்தை நாமும் வளர்ப்பதால் நம் விசுவாசம் குறைந்துவிடாது. அதன் பூமணம் மதிலைத் தாண்டி அவர்கள் வீடுகளுக்கும் செல்லும்.

ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தின் இறுதியில், ஆபிரகாம் பெயெர்செபாவிலே தோப்பு உண்டாக்கியதாக வாசிக்கிறோம். எபிரெய மூலத்திலுள்ள ‘ஏஷெல்’ என்பது சவுக்கைப்போல் மெல்லிய இலையுடைய ஒரு மரத்தின் பெயர். அவன் அங்கே பரதேசி. அடக்க நிலத்தைக்கூட 23-ஆம் அதிகாரத்தில்தான் விலைக்கு வாங்குகிறான். கிணற்றைக் குறித்த வழக்கைத் தீர்த்து, அபிமெலேக்கோடு உடன்படிக்கை செய்த பின்பே அம்மரத்தை நட்டான். அயலாரோடு சமாதானமாய் வாழ்வேன் என்பதற்கு அது அடையாளமாயிற்று என்றே நான் கருதுகிறேன்.

ஓராண்டில் தார் போடும் வாழைக்குப் பழகியவர்கள் நாம். புன்னையோ மெதுவாக வளரும். ஓட்டோடு விதைத்தால் முளைக்கவே இரண்டு மாதமாகலாம். ஓட்டை மெல்ல உடைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும். முதல் சில கோடைகளில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அதன் நிழல் விரியுமுன் எனக்கு இடமாற்றமோ ஓய்வோ வந்துவிடும். நம்முடையதாகப் போகாத நிழலுக்காக நீர் ஊற்றுவதும் ஊழியமே.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் விதையை ஊன்றட்டும். முதல் குடம் தண்ணீரை ஊற்ற, மறுப்புச் சொன்ன அவ்விருவரையுமே அன்போடு அழைக்கிறேன்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.