கிழிந்த குழாயும் நம் கெட்டிக்காரத்தனமும்

நம் விடுதி முன்றிலில் நிற்கும் பழைய கார்களைக் கண்டு நகைப்போர் நம்மிடையே உண்டு. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் நான். ஆராய்ச்சி மாணவர் நால்வர் கூடிப் பணம் போட்டு வாங்கிய மாருதி 800 ஆயினும் சரி, ஊர் திரும்பிய மூத்தவர் ஒருவர் கைமாற்றிவிட்டுப் போன ஆல்ட்டோ ஆயினும் சரி, ஓடக்கூடிய வண்டி ஓடத்தான் வேண்டும். என் வழக்கு அவற்றின் வயதோடு அன்று. பானெட்டுக்குக் கீழே நாம் செய்துவைக்கிற ஒட்டு வேலையோடு. அதிலும் குறிப்பாக ஒரே ஒரு ரப்பர்க் குழாயோடு.

எந்தக் குழாய் என்கிறீர்களா? ஏர் ஃபில்டர்ப் பெட்டியிலிருந்து எஞ்சினின் த்ராட்டில் வரை காற்றைக் கொண்டுசெல்கிறதே, அதுதான். நடுவில் ஆர்மோனியத் துருத்தியைப்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். பார்வைக்கு அற்பம். ஆனால் அதன் வேலை அற்பமன்று. பெட்ரோல் செவ்வனே எரிய எடைக்கு எடை 14.7 பங்கு காற்று வேண்டும் என்று நம் பொறியியல் நண்பர்கள் உறக்கத்திலும் சொல்வார்கள். அதைக் கொள்ளளவில் கணக்கிட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள ஓர் அறையின் காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவும் இந்த ஒரு குழாய் வழியே சென்றாக வேண்டும்.

இது ஏன் கிழிகிறது? முதற்காரணம் மூப்பு. எஞ்சினின் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைத் தாக்கி வறளச் செய்கின்றன. இழுபட்டு நிற்கும் இடத்தில் குறுக்கே வெடிப்பு விழுகிறது. எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவி உட்புறத்தை ஊறவைத்துக் கெடுக்கிறது. இவற்றுக்கு மேலாக, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தளர்ந்துவிட்டால், கியர் மாற்றும்தோறும் எஞ்சின் குலுங்கி இந்தக் குழாயைப் பிடித்து இழுக்கும். பெரும்பாலும் மடிப்பின் பள்ளத்தில்தான் கிழியும். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. கழற்றிக் கையிலெடுத்து, வெளிச்சத்துக்கு நேரே வளைத்துப் பார்த்தால்தான் வாய் பிளக்கும்.

இனிச் சொல்லப்போவதை வாசகர்கள் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். கிழிசல் ஒன்றானாலும் எல்லா வண்டியிலும் அது ஒரே விதமாகப் பேசுவதில்லை. சில கார்களில் ஃபில்டரை ஒட்டியே காற்றை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. 2003இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா கொரோல்லா அத்தகையது. சென்சாரைத் தாண்டிய இடத்தில் குழாய் கிழிந்தால், அளவில் சேராத காற்று உள்ளே புகும். கணிப்பொறி அளந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத்தான் ஊற்றும். கலவை மெலியும். வண்டி சிக்னலில் நின்றால் நடுங்கும், அணைந்துபோகும், டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். தொல்லைதான், ஆனால் நேர்மையான தொல்லை. உடையவனைத் தூங்கவிடாது.

நம் விடுதியில் நிற்கும் மாருதி 800, ஆல்ட்டோ போன்றவற்றின் வழி வேறு. எம்.பி.எஃப்.ஐ. வந்த பிறகும் அவை காற்றை நேரே அளப்பதில்லை. த்ராட்டிலுக்கு அப்பால் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அறிந்து, அதிலிருந்து கணக்கிடுகின்றன. ஆகவே த்ராட்டிலுக்கு முன்னே குழாய் கிழிந்தால் கணக்குப் பிசகுவதில்லை. விளக்கு எரியாது. நடுக்கம் இராது. வண்டி முன்போலவே ஓடும். ஃபில்டரைத் தொடாத காற்று மட்டும் நாள்தோறும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் காற்று எத்தகையது? கங்கைச் சமவெளியின் காற்று! மேஜை மேல் காலையில் துடைத்த புழுதி மாலையில் மறுபடியும் படிவதை நாம் காணாத நாளில்லை. அந்தப் புழுதியிலுள்ள குவார்ட்ஸ் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே அது புகுந்தால் அம்மி கொத்துகிற வேலையைத்தான் செய்யும். வளையம் தேயும், எண்ணெய் மேலேறி எரியும், நீலப் புகை வரும். அதற்குள் காரியம் கைமீறிவிடும்.

நண்பர் ஒருவரின் 800இல் இதைக் கண்ணாரக் கண்டேன். எண்ணெய் குடிக்கிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோனார். நானும் உடன் சென்றேன். மெக்கானிக் குழாயைக் கழற்றினார். அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அவருக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் காலத்து வேலை. வெயிலில் பசை இளகி, டேப் வழுகி, கிழிசல் பட்டப்பகலில் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே விரலை விட்டு எடுத்தால் செம்மண் நிறத்தில் மாவு. எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய வேண்டியதாயிற்று. நண்பருடைய உதவித்தொகை எங்கே போயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த டேப் வேலைக்கு வடநாட்டில் ‘ஜுகாட்’ என்று பெயர். இங்கு வந்த ஆறு மாதத்தில் நாமும் அச்சொல்லைக் கற்றுக்கொண்டு மார்தட்டத் தொடங்கிவிடுகிறோம். நம் ஊரில் மட்டும் இது இல்லையா என்ன? ‘ஒப்பேற்றிவிட்டேன்’ என்று சொல்லிப் பெருமைப்படாத தமிழர் யார்? ஒப்பேற்றுவதை நான் பழிக்கவில்லை. நடுவழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்ப்பதற்கு அதுவே துணை. ஆனால் வழித்துணைக்கு வந்ததைக் குடித்தனம் வைத்துவிடுகிறோமே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

ஒப்பேற்றுவதிலும் முறை உண்டு. தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் டேப் கிடைக்கிறது. குழாயின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து உலர்த்தி, டேப்பை நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் பாதி மேல் ஏறும்படி, கிழிசலுக்கு இருபுறமும் இரண்டு அங்குலம் தாண்டிச் சுற்ற வேண்டும். நேரான பகுதியில் இது கொஞ்ச காலம் நிற்கும். மடிப்பின் மேல் சுற்றினாலோ அந்த மடிப்பு அசையாமல் இறுகிவிடும். அதன் அசைவெல்லாம் அடுத்த மடிப்பின் தலையில் விழும். பிறகு அது கிழியும். சைக்கிள் டியூப் ஒட்டு எண்ணெய் ஆவியில் ஊதிப் பிரியும். பிசைந்து ஒட்டும் எபாக்சி கல்லாய் இறுகி, குழாய் வளையும்போது பெயரும். பெயர்ந்த துண்டு எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். கண்ட சிலிக்கோன் பசையை அப்பினால் அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கக்கூடும். டர்போ டீசல் வண்டியில் டர்போவுக்கு அப்பாலுள்ள குழாயானால் பேச்சே வேண்டாம். அங்கே அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும், டேப் பறந்துவிடும்.

ஆகவே புதுக் குழாய்தான் தீர்வு. “மாணவனிடம் பணம் ஏது?” என்று கேட்பீர்கள். சிறிய வண்டியின் குழாய்க்குச் சில நூறு ரூபாய் ஆகும். எஞ்சின் வேலைக்குப் பல்லாயிரம். “பழைய வண்டிக்குப் புதுச் சாமான் கிடைக்குமா?” என்பது இரண்டாவது கேள்வி. மாருதி 800இன் உற்பத்தி 2014இல் நின்றது உண்மையே. ஆனால் மூன்று பத்தாண்டுகள் நாடெங்கும் ஓடிய வண்டி அது. தில்லி காஷ்மீரி கேட் போன்ற சந்தைகளில் தேடினால் கிட்டும். சென்னைக்குப் புதுப்பேட்டையும், தில்லிக்கு மாயாபுரியும், கல்கத்தாவுக்கு மல்லிக் பஜாரும் பழைய சாமானுக்குப் பெயர் பெற்றவை. கதவும் கண்ணாடியும் அங்கே தாராளமாக வாங்கலாம். ரப்பரை மட்டும் வாங்காதீர்கள். உங்கள் குழாயின் வயதுதான் அதற்கும்.

மாட்டும்போது ஹோஸ் கிளாம்பைப் பலங்கொண்ட மட்டும் திருகுவோர் உண்டு. பிளாஸ்டிக் வாய் விரிசல் விடும். குழாய் கையால் சுழலாத அளவு போதும். மவுண்டிங்கையும் அன்றே பாருங்கள். அது தளர்ந்திருந்தால் புதுக் குழாய்க்கும் பழைய கதிதான்.

சித்திரை பிறந்தால் இங்கே புழுதிக் காற்று எழும். அதற்குமுன் ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்குள், பானெட்டைத் திறந்து அந்தக் குழாயைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். என்னிடம் ஒன்று இருக்கிறது. கேட்டால் தருவேன், திருப்பித் தந்தால் மகிழ்வேன்.