பரணில் இருந்து இறங்கிய இளவரசன்

போகிக்கு முந்தின ஞாயிறு எங்கள் வீட்டில் பரண் காலி செய்யும் வேலை. உடைந்த மிக்ஸி ஜார், துருப்பிடித்த சைக்கிள் பம்ப், பழைய டைரிகள் என்று ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தோம். எதைப் போட்டாலும் மறுப்பு சொல்லாத அப்பா, ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்ததும் ஸ்டூலில் இருந்து இறங்கி வந்துவிட்டார். "அதைத் தொடாத பாப்பா, அது என் பிரின்ஸ்" என்றார்.

பூட்டு வைத்த பெட்டி. சாவி எங்கேயோ போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு ஃபிளாப்பிகள். எங்கள் தலைமுறைக்கு ஃபிளாப்பி என்றால் 'சேவ்' பட்டனில் இருக்கும் படம், அவ்வளவுதான். நிஜ ஃபிளாப்பியை அன்றுதான் முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒன்றின் லேபிளில் அப்பாவின் கையெழுத்தில் 'பிரின்ஸ்' என்று இருந்தது. இன்னொன்றில் 'அப்பா - பர்மா'. அந்த 'அப்பா' என் தாத்தா.

இந்த வாரம் அந்த இரண்டு ஃபிளாப்பிகளின் கதைதான்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவும்

1990-களின் தொடக்கத்தில் அப்பா கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாராக இருந்தார். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். இதுதான் பாடத்திட்டம். ஊரில் ஏ.சி. ஓடுகிற அபூர்வமான அறைகளில் அதுவும் ஒன்று. செருப்பை வெளியே விட வேண்டும். வகுப்பு முடிந்ததும் கம்ப்யூட்டருக்குத் துணி உறை போட வேண்டும். ஐந்து மெஷின்களில் நான்கு கறுப்பு வெள்ளை. ஒன்றுதான் கலர். அந்த ஒன்றுக்குச் சண்டை நடக்கும்.

சண்டை பாடத்துக்காக இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல், கடைசி பேட்ச் போன பிறகு, அந்தக் கலர் மெஷினில் கேம் ஓடும். டேவ், டிக்கர், பாராட்ரூப்பர்... எல்லாவற்றுக்கும் மேலே பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா.

அந்தக் காலத்து மெஷின்களைப் பற்றி அப்பா சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது டர்போ பட்டன். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அதற்கென்று எழுதப்பட்ட சில கேம்கள், பிராசஸரின் வேகத்தையே கடிகாரமாக எடுத்துக்கொண்டன. பின்னால் வந்த வேகமான மெஷின்களில் அவற்றைப் போட்டால் கண் இமைக்கும் முன்பு ஆட்டம் முடிந்துவிடும். அதற்காகத்தான் பெட்டியின் முன்னால் ஒரு பட்டன். பெயர் டர்போ என்றாலும், பெரும்பாலும் அது பயன்பட்டது வேகத்தைக் குறைக்கத்தான். "இப்ப எல்லாரும் ஸ்பீடு வேணும்னு அலையுறீங்க. நாங்க ஸ்பீடைக் குறைக்க பட்டன் வச்சிருந்தோம்" என்கிறார் அப்பா.

தம்பி ஓடினான், இளவரசன் ஓடினான்

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை இன்றைக்கு யூடியூபில் பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். படம் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வெள்ளை உடைக்காரன் ஓடுவதும், விளிம்பைப் பிடித்துத் தொங்குவதும், தாவி விழுவதும் நிஜ மனிதன் செய்வது போலவே இருக்கும். காரணம், அவன் நிஜ மனிதன்தான்.

இந்த கேமை உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர். 1985-ல் தன் தம்பி டேவிட்டை ஒரு பார்க்கிங் இடத்தில் ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்தார். அந்த வி.எச்.எஸ். டேப்பை டி.வி.யில் போட்டு, ஒவ்வொரு அசைவாக நிறுத்தி, திரையை ஸ்டில் கேமராவில் படம் பிடித்தார். பிரின்ட் போட்ட படங்களில் உருவத்தின் வெளிக்கோட்டை மார்க்கரால் வரைந்து, அதை கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். எல்லாம் ஒரே ஆள் வேலை. பின்னணி இசை யார் என்று தேடினேன். அவருடைய அப்பா ஃபிரான்சிஸ் மெக்னர்.

கேம் 1989-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வெளியானது. அப்போது ஆப்பிள் 2-வின் காலமே முடிந்துகொண்டிருந்ததால் முதலில் விற்பனை மந்தம். அடுத்த ஆண்டு டாஸ் பதிப்பு வந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. கும்பகோணம் வரைக்கும்.

மெமரி போதாமல்தான் அதில் ஒரு அருமையான பாத்திரம் பிறந்தது. புது எதிரியை வரைந்து வைக்க இடமில்லை. இளவரசனுடைய படங்களையே எடுத்து, ஒரு சின்ன கணக்கு வேலை செய்து, ஒளிரும் நிழல் உருவமாக்கிவிட்டார் மெக்னர். கடைசிக் கட்டத்தில் அந்த நிழல் வாளோடு எதிரே வந்து நிற்கும். அதைக் குத்தினால் அடி உங்களுக்குத்தான் விழும். வாளை உறையில் போட்டால் நிழல் உங்களோடு கலந்துவிடும். "இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு" என்றார் அப்பா.

அப்படியானால் திருட்டு வழியே கிடையாதா? இருந்தது. டாஸ் திரையில் 'பிரின்ஸ்' என்று மட்டும் அடிக்காமல் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று அடித்தால், நினைத்தபோது அடுத்த கட்டத்துக்குத் தாவலாம். இந்த ரகசியம் இன்டர்நெட் இல்லாத காலத்தில், எந்த ஊரில் யார் வழியாக கும்பகோணம் வந்தது என்று அப்பாவுக்கே தெரியாது.

அதே போலத்தான் கேமும் வந்தது. காசு கொடுத்து வாங்கியவர் யாரும் இல்லை. திருட்டு நகலைத் தடுக்க முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வைத்திருந்தார்கள். தரையில் வரிசையாக மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. கேமோடு வரும் புத்தகத்தைப் பார்த்து சரியான எழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் மேலே போகலாம். அப்பாவிடம் இருந்த நகலில் அந்தப் பூட்டையும் யாரோ உடைத்திருந்தார்கள்.

எது படித்தது, எது படிக்கவில்லை

ஆன்லைனில் யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவ் இன்றும் கிடைக்கிறது. ஆர்டர் போட்டேன். பொங்கல் முடிந்து வந்து சேர்ந்தது.

முதலில் பிரின்ஸ். டிரைவ் 'கர்ர்... கர்ர்...' என்று முனகியது. அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டே "படிக்குது, படிக்குது" என்றார். ஒரு ஃபைல் விடாமல் வந்துவிட்டது. இன்றைய விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி அதற்குள் ஓட்டினோம். முப்பது வருடம் கழித்தும் அப்பாவின் விரல்களுக்கு எந்த இடத்தில் தரை உடையும், எந்த இடத்தில் முள் எழும்பும் என்று தெரிந்திருந்தது.

பிறகு 'அப்பா - பர்மா'.

தாத்தா பிறந்தது ரங்கூனில். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டபோது அவருக்குப் பதினோரு வயது. அதன் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். எங்கள் குடும்பம் நடந்தது. புறப்பட்டவர்கள் ஆறு பேர், ஊர் வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர்.

1994-ல் தாத்தா அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, அப்பா சென்டரில் உட்கார்ந்து வேர்ட்ஸ்டாரில் அடித்திருக்கிறார். அந்த மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழ். இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் அடிக்கிறோமே, அதேதான். நான்கு ஞாயிற்றுக்கிழமை, நான்கு ஃபைல். பிரின்ட் எடுக்கலாம் என்றால் அன்று டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் ரிப்பன் காய்ந்திருந்தது. அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 1998-ல் தாத்தா இறந்துபோனார். நான் அவரைப் பார்த்ததில்லை.

ஃபிளாப்பியைப் போட்டதும் நான்கு ஃபைல்களின் பெயரும் திரையில் வந்தன. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் ஃபைல் திறந்தது. வேர்ட்ஸ்டார் அந்தக் காலத்தில் சேமித்த விதத்தால், இன்றைய நோட்பேடில் பல வார்த்தைகளின் கடைசி எழுத்து மட்டும் ஏதோ ஒரு குறியாகத் தெரிந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. ரங்கூன் வீடு, கீழே இருந்த டீக்கடை, குண்டு விழுந்த காலை, பாட்டியம்மா சேலையில் அரிசி முடிந்தது, மலைக்குப் போகும் வண்டி.

அதோடு நின்றது. இரண்டாவது ஃபைல் திறக்கவில்லை. மூன்றும் இல்லை, நான்கும் இல்லை. ஃபிளாப்பியின் உலோக மூடியை நகர்த்திப் பார்த்தோம். உள்ளே இருந்த கறுப்பு வட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. இன்னொரு டிரைவ் கடன் வாங்கி முயற்சி செய்தோம். பலன் இல்லை. மலையில் என்ன நடந்தது என்பது அந்த மூன்று ஃபைல்களில் இருந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஃபிளாப்பியைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, காபி போடப் போனார்.

ஓர் அலமாரி, ஒரு பரண்

மெக்னருக்கும் இதே போல ஒன்று நடந்திருக்கிறது. பிரின்ஸ் கேமுக்காக அவர் எழுதிய ஒரிஜினல் நிரல் பல வருடங்களாகக் காணவில்லை. 2012-ல் அவருடைய அப்பா, வீட்டு அலமாரியின் பின்பக்கத்தில் கிடந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பிவைத்தார். அடியில் அந்த ஃபிளாப்பிகள் இருந்தன. பழைய கம்ப்யூட்டர்களில் தேர்ந்த நண்பர்கள், பழைய மெஷின்களோடு வந்து உட்கார்ந்து அதைப் படித்து எடுத்தார்கள். 23 வருடம் கழித்தும் வட்டு படித்தது. மெக்னர் அதை உடனே இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்துவைத்தார். இனி அது தொலையாது.

இதைப் படித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. அப்பாவின் பிரின்ஸ் ஃபிளாப்பி கெட்டுப்போயிருந்தாலும் நஷ்டம் இல்லை. ஊருக்கு ஊர் நகல் எடுத்த கேம் அது. 2015-ல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ் கேம்களை பிரவுசரிலேயே விளையாடும்படி வைத்துவிட்டது. ஆயிரம் பேரிடம் இருந்தது பிழைத்தது. ஒருவரிடம் மட்டும் இருந்தது போய்விட்டது. இரண்டு ஃபிளாப்பியும் ஒரே பெட்டியில்தான் இருந்தன.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். ஃபிளாப்பி இல்லாவிட்டால் கல்யாண வீடியோ கேசட், குழந்தையின் முதல் பிறந்தநாள் சி.டி., ஆன் ஆகாத பழைய செல்போன். நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன்.

ஃபிளாப்பியைப் போட்டதும் 'ஃபார்மட் செய்யவா' என்று கம்ப்யூட்டர் கேட்டால், தயவுசெய்து 'ஆம்' கொடுக்காதீர்கள். இருப்பதும் அழிந்துவிடும். மூடியை நகர்த்தி வட்டைப் பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். ஃபிளாப்பியில் படிக்கும் முனை வட்டை உரசிக்கொண்டே போகும், பூஞ்சையும் தூசியும் மேற்பரப்பைக் கீறிவிடும். நாங்கள் முதலில் பார்த்திருந்தால் இன்னொரு ஃபைல் கிடைத்திருக்குமோ என்னவோ. ஒரு டிரைவில் படிக்காதது இன்னொன்றில் படிக்கலாம், அதையும் முயன்று பாருங்கள். வீட்டில் எழுதிய சி.டி., டி.வி.டி.க்களும் நிரந்தரம் இல்லை. படிக்கும்போதே நகல் எடுத்துவிடுங்கள். ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று ஆன்லைனில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம்.

முடிந்தால் பிரின்டும் எடுத்துவிடுங்கள். ரிப்பன் காய்ந்திருந்தாலும் நாளைக்கே வாங்கிப் போட்டு எடுங்கள்.

போன ஞாயிறு முதல் அப்பாவை உட்கார வைத்து, தாத்தா சொன்னதில் அவருக்கு நினைவிருப்பதை என் போனில் பதிவு செய்கிறேன். "தமுன்னு ஒரு ஊரு. அதைத் தாண்டினா மணிப்பூர். அங்கதான் சின்ன அத்தை..." என்று ஆரம்பித்தவர், அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த ஞாயிறு பேசுவார். நடுவில் சலிப்புத் தட்டினால் பிரின்ஸ் இருக்கிறது. இப்போது ஏழாம் கட்டத்தில் நிற்கிறார். மெகாஹிட் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டாராம்.

பதிவு முடிந்ததும் ஒவ்வொரு முறையும் அப்பாவே கேட்கிறார்: "மூணு இடத்துல போட்டுட்டியா பாப்பா?"

போட்டுவிட்டேன் அப்பா.