தட்டில் வென்றது உடலில் வெல்லுமா?

காய்கறிச் சாறு பெருங்குடல் புற்றுநோய் அணுக்களைக் கொன்றுவிட்டது என்ற செய்தி அடிக்கடி வெளிவருகிறது. அதைப் படிக்கும் நோயாளி, இனிக் கத்தியும் வேண்டாம், கடும் மருந்தும் வேண்டாம், கோஸும் கீரையும் போதும் என்று நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையைக் காசாக்கும் கூட்டமும் நாட்டில் இருக்கிறது. 2022-ஆம் வருஷத்தில் மட்டும் உலகில் சுமார் 9 லட்சம் பேரைக் கொண்டுபோன வியாதி இது. ஆகவே, இதில் உண்மை எது, மயக்கம் எது என்று பிரித்துச் சொல்வது நமது கடமையாகும்.

செய்தி பொய்யல்ல. பிராக்கோலி என்னும் கோஸ் இனக் காய்கறியில் கிடைக்கும் ஸல்ஃபோரஃபேன் என்ற வஸ்து, எச்.டி.29 எனப்படும் பெருங்குடல் புற்றுநோய் அணுக்களின் பெருக்கத்தைத் தடுத்து அவற்றை மாய்க்கிறது என்று 2000-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆனால் அது நிகழ்ந்த இடம் ஆராய்ச்சிசாலைத் தட்டு. அங்கே வஸ்து அணுவின்மேல் நேராக விழுகிறது. மனிதன் உண்ணும் காயோ, ஜீரணமாகி, கல்லீரலில் மாறுதலடைந்து, இரத்தத்தில் கலந்து நீர்த்துவிடுகிறது. தட்டில் உள்ள அணுவைக் கொல்லக் கடும் உப்புநீரும் போதும். நோயாளியைப் பிழைக்க வைப்பதல்லவா வைத்தியம்!

தாவரங்களை நாம் இகழவில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு இன்று வழங்கும் இரினோடெகான் என்ற மருந்தின் மூலமே ஒரு சீன மரந்தான். அம்மரத்திலிருந்து காம்ப்டோதெசின் என்ற வஸ்துவைப் பிரித்ததை மன்றோ வால், மன்சுக் வானி ஆகியோர் 1966-ல் வெளியிட்டனர். நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரமொன்றிலும் அது இருப்பதை 1972-ல் கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் அறிவித்தனர். ஆயினும், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்ப்பையும் எலும்பு மஜ்ஜையும் கெட்டதால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் ஜப்பானியர் அதன் அமைப்பை மாற்றி இரினோடெகானை உண்டாக்கினர். அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி அளித்தது 1996-ல். தட்டிலிருந்து நோயாளிக்கு வந்து சேர 30 வருஷங்கள் ஆயின! இவ்வளவு பாடுபட்டுப் பெற்றதை ஒரு குவளைச் சாறு கொடுத்துவிடும் என்பவரை நம்பலாமா?

காய்கறி உண்ண வேண்டாமென்று யாரும் சொல்லார். நார்ச்சத்துள்ள உணவு குடலுக்கு நன்மை தருவது. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமாகிறதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-ல் தீர்மானித்துவிட்டது. ஆனால், நோய் வராமல் காக்க உதவும் உணவு வேறு, வந்த நோயைத் தீர்க்கும் மருந்து வேறு. மலத்தில் இரத்தம் கண்டவர் சாறு குடித்துக்கொண்டு காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும், அறுத்து நீக்கக்கூடிய கட்டியை நீக்க முடியாததாக்குகிறது.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் ஏட்டில் உறங்கினால் யாருக்கு லாபம்? விளம்பரக்காரருக்கே லாபம். சர்க்கார் அதைத் தயவுதாட்சணியமின்றி அமல் நடத்த வேண்டும். குடல் பரிசோதனை ஜில்லா ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கும் எட்டுமாறு செய்ய வேண்டும். நமது மூலிகைகளையும் காய்கறிகளையும் முறைப்படி சோதிக்கப் பணம் ஒதுக்க வேண்டும். கிராமந்தோறும் சென்று பேசும் தொண்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காய்கறியைத் தட்டில் வையுங்கள், நோயாளியை வைத்தியரிடம் அனுப்புங்கள் என்று ஜனங்களிடம் சொல்லுங்கள். அதனால் பிழைக்கும் உயிர்கள் பல.