மாலை ஓ.பி.யில் நாம் செய்ய வேண்டியவை

2023 ஜூன் 6 அன்று தமிழ்நாட்டில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட மையங்கள் மொத்தம் 708. மருத்துவர், செவிலியர், சுகாதார ஆய்வாளர், உதவியாளர் என நால்வர் கொண்ட சிறிய அமைப்பு இது. நேரம் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. இந்த மாலை நான்கு மணி நேரம்தான் இத்திட்டத்தின் உயிர். கட்டட வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை விடாமல் மருத்துவரைப் பார்க்க முடிகிறது. இல்லாவிட்டால் அவருக்கு இருப்பவை இரண்டே வழிகள்: தெருமுனை மெடிக்கல் ஷாப் அல்லது ஜி.எச். வரிசை.

பெரிய மருத்துவமனைகளில் கூட்டம் குறையும் என்பதே இம்மையங்களுக்கு ஆதரவாக அதிகம் சொல்லப்படும் வாதம். அது போதாது. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிராய்ப்பு என்று வருகிறவர்களை இரண்டு நிமிடத்தில் மாத்திரை கொடுத்து அனுப்புவதென்றால், ஜி.எச்.சில் நின்ற வரிசை தெருவுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. சாதாரணத் தொந்தரவு என்பது நோயாளியைப் பரிசோதித்த பின் நாம் எட்ட வேண்டிய முடிவு. பரிசோதனையைத் தொடங்கும் முன்பே அதை முடிவாக வைத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

இருமலோடு வரும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினால் போதும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. நிமோனியாவை நினைக்க வேண்டும். மழைக்காலக் காய்ச்சலில் டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் மூன்றும் முதல் நாட்களில் ஒன்றுபோலவே தெரியும். ஸ்க்ரப் டைபஸின் கருந்தழும்பு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ ஒளிந்திருக்கும். உட்கார வைத்துக் கேள்வி கேட்பதோடு நிறுத்திவிட்டால் அது கண்ணில் படாது. கண்டுவிட்டால் டாக்ஸிசைக்ளின் போதும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். ‘சின்ன கீறல்தான்’ என்று வருகிறவரிடம் நாயோ பூனையோ கீறியதா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதும் தடுப்பூசியும் தள்ளிப்போடக் கூடாதவை.

அடுத்தது ஊசி. ‘ஊசி போட்டாத்தான் கேக்கும், டாக்டர்’ என்ற நம்பிக்கையை வளர்த்ததில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு. டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சலில் டைக்ளோஃபெனாக் ஊசி இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். அங்கே பாராசிட்டமால்தான் மருந்து. ஆன்டிபயாடிக்கிலும் இதே பழக்கம். பல ஆன்டிபயாடிக்குகளை எச்1 அட்டவணையின் கீழ் கொண்டுவந்த விதி 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ளது. அது மருந்துக்கடையைக் கட்டுப்படுத்தலாம். நம் பேனாவை நாமே கட்டுப்படுத்த வேண்டும். வைரஸ் சளிக்கு அசித்ரோமைசின் எழுதுவதும், நீர்த்த வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்., 14 நாள் துத்தநாகம் இரண்டையும் விட்டுவிட்டு ஆன்டிபயாடிக் சிரப் எழுதுவதும் நேரமில்லை என்ற காரணத்தால் நியாயமாகிவிடாது. சளி ஒரு வாரம் பத்து நாள் இருக்கும், இருமல் மூன்று வாரம்கூட நீடிக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால், மூன்றாம் நாள் அவர் வேறு மருத்துவரைத் தேடி ஓடமாட்டார்.

நடைமுறையில் மூன்று மாற்றங்களை முன்வைக்கிறோம். முதலாவது, ஓ.பி. சீட்டில் மருந்துக்குக் கீழே, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று தமிழில் ஒரு வரி. டெங்குவில் இது உயிர் காக்கும் வரி. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. நோயாளியோ குணமாகிவிட்டதாக நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், அதிக அசதி என்று எழுதிக் கொடுக்கலாம். இரண்டாவது, வரிசையைச் செவிலியர் முதலில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மூச்சிரைப்பவர், நெஞ்சுவலிக்காரர், துவண்ட குழந்தை, கர்ப்பிணி ஆகியோர் டோக்கன் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. மூன்றாவது, முப்பது வயது கடந்த எவர் எதற்காக வந்தாலும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. அதற்கு முன் நோய் இருப்பது தெரிய வேண்டும். தலைவலிக்கு வந்தவரிடம் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நமக்குத்தான் அதிகம்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. ஒரே மருத்துவர் உள்ள மையத்தில் அவர் விடுப்பு எடுத்தால் மாற்று ஏற்பாடு இருந்தாக வேண்டும். பூட்டிய கதவை ஒருமுறை பார்த்துத் திரும்பியவர் மறுமுறை நேராக ஜி.எச்.சுக்குத்தான் போவார். தினசரி ஓ.பி. எண்ணிக்கையை மட்டும் வைத்து மையத்தை மதிப்பிடுவதும் நிற்க வேண்டும். எண்ணிக்கைக்குத் துரத்தப்படும் மருத்துவர் மூச்சை எண்ணமாட்டார்.

மற்றவை அரசாணைக்குக் காத்திருக்கலாம். ஓ.பி. சீட்டில் அந்த ஒரு வரியை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. அரசுப் பணியில் இருந்தாலும் தனியார் கிளினிக் நடத்தினாலும், நாளைய முதல் சீட்டிலிருந்தே அதைத் தொடங்குங்கள்.