தற்காலிகத் தடை நிரந்தரமாகும்போது

கடந்த மாதம் இலண்டனில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். ஒரு காலத்தில் கொழும்பில் ஒரே ஆசிரியபீடத்தில் அருகருகே இருந்து பணியாற்றியவர்கள் நாங்கள். பேச்சு அரசியலில் தொடங்கி, அந்த வயதினருக்கே உரிய முறையில் உடல்நலத்தில் வந்து நின்றது. இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "சோறு, கரட், அவித்த கோழி. பதினான்கு மாதமாக இதுதான்" என்றார்.

இரவு இரண்டு மணிக்குப் பக்கங்களை முடித்துவிட்டு, கொத்துரொட்டிக் கடை எங்கே திறந்திருக்கும் என்று எங்களுக்கு வழிகாட்டியவர் அவர். வயிற்றுவலியும் பொருமலும் வயிற்றோட்டமும் தொடர்ந்ததால், விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தபாலில் அனுப்பும் பரிசோதனை ஒன்றைச் செய்திருக்கிறார். நாற்பதுக்கு மேற்பட்ட உணவுகளைச் சிவப்பு மையில் குறித்த பட்டியல் வந்தது. அன்றிலிருந்து திருமண வீடுகளுக்கும் அந்தியேட்டி வீடுகளுக்கும் போவதில்லை. வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டு சமையல். இப்போது வயிறு சுகமா என்று கேட்டதற்கு, "முழுச் சுகம் என்று சொல்ல முடியாது. அதனால் இன்னும் இரண்டு சாமான்களை நிறுத்திப் பார்க்கலாம் என்று யோசிக்கிறேன்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியந்தான் இதை எழுத வைக்கிறது. பலன் தராத தடைக்கு மேல் இன்னொரு தடை போடுவது வைத்தியமாகாது. எமது நாட்டில் 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று ஆண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடாகவே கொண்டுவரப்பட்டது. 1982 இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. பெயரில் மாத்திரம் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் அப்படியே இருந்தன. என் நண்பரின் சாப்பாட்டுத் தட்டுக்கும் அதுவே நேர்ந்திருக்கிறது.

எனக்கு இந்த விடயத்தில் பேச உரிமை உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் இந்த நோய்க்காரன். எரிச்சல்குடல் நோய், அல்லது சுருக்கமாக ஐ.பி.எஸ். என்று இதைச் சொல்கிறார்கள். 2003 ஆம் ஆண்டு ஏ9 பாதை வழியாக யாழ்ப்பாணம் சென்றபோது, ஓமந்தையில் நீண்ட வரிசையில் நின்றுகொண்டு, செய்தியைப் பற்றியல்ல, அருகில் மலகூடம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியே நான் சிந்தித்துக்கொண்டிருந்தேன். பயணத்துக்கு முதல்நாளே சாப்பாட்டை நிறுத்துவது, கூட்டங்களில் வாசலுக்கு அருகிலேயே அமர்வது, பஸ்ஸைத் தவிர்த்து ரயிலில் போவது என்று வாழ்க்கையையே வயிற்றுக்கு ஏற்றவாறு வளைத்துக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

முதலில் வைத்தியர்கள் சிலருடன் எனக்குள்ள வழக்கு. "எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, மனதை அமைதியாக வைத்திருங்கள்" என்று சொல்லி அனுப்பிய வைத்தியர்கள் மூவரை நான் கண்டிருக்கிறேன். பரிசோதனையில் தெரியாத வலி, வலியே அல்ல என்று ஆகிவிடாது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கர்ட்டன் என்ற சிற்றூரின் குடிநீரில் கிருமிகள் கலந்து, ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். அவ்வூர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வாளர்கள், அன்று கடும் வயிற்றோட்டத்துக்கு ஆளானவர்களிடையே பிற்காலத்தில் ஐ.பி.எஸ். வெகுவாக அதிகரித்திருந்ததைக் கண்டனர். ஓர் ஊரே ஒரே நேரத்தில் மனப்பிரமைக்கு ஆளானதென்று எவரும் சொல்ல முடியாது. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு கூருணர்வு அடைந்துவிடுகிறது. மற்றவருக்குத் தெரியாமல் கடந்துபோகும் சிறிதளவு வாயு இந்த நோயாளிக்கு வலியாகிறது. மனக்கவலை அதைக் கூட்டும் என்பது உண்மை. கவலைதான் அதைப் படைத்தது என்பது வேறு கூற்று.

இப்படிக் கைவிடப்பட்டவர்களைத்தான் பரிசோதனை வியாபாரிகள் பிடித்துக்கொள்கிறார்கள். என் நண்பர் செய்தது ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புடலை அளக்கும் சோதனை. ஓர் உணவை நாம் உண்டு பழகியிருக்கிறோம் என்பதையே அந்த எதிர்ப்புடல் பெரும்பாலும் காட்டும். அது நோயின் அடையாளமன்று. ஐரோப்பிய ஒவ்வாமையியல் அமைப்பு 2008 இலும், கனேடிய ஒவ்வாமையியல் சங்கம் 2012 இலும் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இச்சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தன. ஒரு மனிதன் விரும்பி உண்பவை எவையென்று கண்டுபிடித்து, அவற்றையே அவனுக்குத் தடைசெய்து, அதற்குக் கட்டணமும் அறவிடுவதை நான் வைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் உணவை விலக்கிப் பார்க்கும் முறையே பொய்யா? இல்லை. அதன் பயனை அனுபவித்தவன் என்பதால்தான் அதன் சீரழிவைக் கண்டு எனக்குக் கோபம் வருகிறது.

அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண் நகரின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபொட்மப் என்ற பெயரை 2005 இல் அறிமுகப்படுத்தினார்கள். சிறுகுடலில் சரிவர உறிஞ்சப்படாத சிறு மாச்சத்து வகைகளைக் குறிக்கும் பெயர் அது. வெங்காயம், உள்ளி, கோதுமை ஆகியவற்றிலுள்ள ஃப்ரக்டான், பருப்பு கடலை வகைகளில் உள்ள கலக்டன், பாலிலுள்ள லக்டோஸ், மாம்பழம், தேன் போன்றவற்றில் மிகுந்துள்ள ஃப்ரக்டோஸ், சில காளான்களிலும் பழங்களிலும் உள்ள பொலியோல் என்பன இதில் அடங்கும். இவை குடலுக்குள் நீரை இழுக்கின்றன. பெருங்குடலில் பக்டீரியாக்களால் புளித்து வாயுவாகின்றன. எல்லோருக்கும் இது நடக்கிறது. கூருணர்வுள்ள குடலுக்கே வலிக்கிறது.

இந்த உணவுமுறைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதற் கட்டத்தில் இவற்றை இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை குறைக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு வகையாக மீளச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஒரு வகையை எடுத்து மூன்று நாட்களுக்கு அளவைப் படிப்படியாகக் கூட்டி உண்டு, குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாட்கள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அதன் பின்னரே அடுத்த வகைக்குப் போகவேண்டும். மூன்றாம் கட்டத்தில் எது எவ்வளவு ஒத்துக்கொள்கிறதோ அவ்வளவையும் உணவில் வைத்துக்கொண்டு, ஒவ்வாததை மாத்திரம் தள்ளி வைக்க வேண்டும். நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் முதற் கட்டத்திலேயே குடியிருந்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது முதற் கட்டத்தின் பட்டியல் மட்டுமே. அதையும் ஒருவர் மற்றவருக்குக் கைபேசியில் அனுப்பிவைக்கிறார்.

பத்திரிகையாளனுக்கு இது புதிய விடயமன்று. பிழையான செய்தி ஒன்று வந்துவிட்டால் எந்தத் தகவல் தவறியது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். எல்லா நிருபர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 'இனிப் பிழை வராது' என்று மகிழ மாட்டோம்.

நான் 2016 இல் இதனைச் செய்தேன். எனக்குக் கிடைத்த பட்டியலில் அஸ்பரகஸும் பியர்ஸும் இருந்தன. சொதியும் சம்பலும் இல்லை. எங்கள் சமையலுக்கு அதனைப் பொருத்தியவர் என் மனைவி. பாணும் கோதுமை மா ரொட்டியும் போய், அரிசிமாப் புட்டும் வீட்டில் அவித்த சிவப்பரிசிமா இடியப்பமும் வந்தன. பல கடைகளில் இடியப்பத்துக்குக் கோதுமை மாவும் சேர்க்கப்படுவது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சின்ன வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. உள்ளியைப் பொறுத்தவரை ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே உள்ளியை எண்ணெயில் வதக்கி, நீர் சேர்ப்பதற்கு முன்பே எடுத்தெறிந்துவிட்டால் மணம் தங்கும், தொல்லை தங்காது. சொதியிலோ இரசத்திலோ கொதித்த உள்ளியைப் பிறகு பொறுக்கி எறிவதால் பயனில்லை.

மூன்றாம் வாரம் முடிவதற்குள் வயிறு அடங்கிவிட்டது. உண்மையான பரீட்சை அதன் பின்னர்தான் வந்தது. அடங்கிய வயிற்றை மீண்டும் கிளறுவதற்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கோப்பைப் பால்தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் அதைப் பார்த்தபடி இருந்திருக்கிறேன். ஆனால் சோதித்தேன். இருபது ஆண்டுகளாக நான் பழித்து வந்த பருப்பு, சிறிதளவில் எந்தத் தீங்கும் செய்யவில்லை. பால்தேநீர் நாளொன்றுக்கு ஒன்று பொறுத்துக்கொண்டது. பாண் இரண்டு துண்டுவரை சம்மதம். உள்ளியும் பெரிய வெங்காயமுமே உண்மையான எதிரிகள். இத்தனை ஆண்டுகள் சந்தேகத்தின் பேரில் தடுத்து வைத்திருந்த பலரும் நிரபராதிகள் என்று தெரிந்தது.

"சுகமாக இருக்கும்போது எதற்காக மீண்டும் சேர்த்து ஆபத்தைத் தேட வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விலக்கப்படும் இந்த மாச்சத்துகளே குடலில் வாழும் நல்ல பக்டீரியாக்களின் உணவு. இவற்றை விலக்கும்போது பிஃபிடோபக்டீரியா எனப்படும் வகை குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பாலை நிறுத்துபவருக்குச் சுண்ணாம்புச்சத்துக் குறையும். பருப்பையும் தானியத்தையும் நிறுத்துபவருக்கு நார்ச்சத்துக் குறையும். வயதானவருக்கு எடை இறங்கும். இவற்றுக்கு மேலாக, பந்தியில் உட்கார முடியாத மனிதன் மெல்ல மெல்ல உறவுகளையும் விலக்கிவிடுகிறான். என் நண்பரின் பட்டியலில் கடைசியாக நீக்கப்பட்டவர்கள் மனிதர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபொட்மப் எல்லோருக்கும் முதற்படி அன்று. சுவீடனில் 75 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வொன்றில், இந்த உணவுமுறையைக் கைக்கொண்டவர்களிலும், நேரத்துக்கு உண்ணுதல், அளவாக உண்ணுதல், கொழுப்பு, உறைப்பு, கோப்பி ஆகியவற்றைக் குறைத்தல் முதலிய பழைய அறிவுரையைக் கைக்கொண்டவர்களிலும் ஏறத்தாழச் சரிபாதிப் பேர் பயன்பெற்றனர். பிரித்தானியாவின் 2008 ஆம் ஆண்டு வழிகாட்டலும் சாதாரண அறிவுரையையே முதலில் வைக்கிறது. மிளகாயில் ஃபொட்மப் தொல்லை இல்லை, ஆனால் அதன் காரம் நோவுள்ள குடலைச் சீண்டும். நாளொன்றுக்கு எட்டுத் தேநீரும் நேரங்கெட்ட சாப்பாடும் என்று வாழ்ந்த எங்களைப் போன்றவர்கள் அங்கிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். உணவால் தீராதவர்களுக்கு மருந்தும் உண்டு. குறைந்த அளவு அமிற்றிப்டிலின் பயன் தருகிறது என்று 463 பேரைக் கொண்ட பிரித்தானிய ஆய்வு 2023 இல் காட்டியது. அந்தக் குளிசையை ஏற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யவேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், மறக்காமல் இருப்பதற்காக. என்னுடன் பணியாற்றிய ஒருவர் மலத்தில் இரத்தம் கண்டும், 'அண்ணருக்கு இருக்கிற அதே வருத்தந்தான்' என்று என்னைச் சுட்டிக்காட்டிக்கொண்டு ஓராண்டு பத்தியம் காத்தார். அது பெருங்குடற் புற்றுநோய். நாங்கள் அவரைக் காப்பாற்றவில்லை. இரத்தம் போதல், காரணமில்லாமல் மெலிதல், இரத்தச்சோகை, நித்திரையைக் கலைக்கும் வயிற்றோட்டம், ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் குழப்பம், குடும்பத்தில் குடற்புற்று இருந்தமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பட்டியலை மடித்து வைத்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். கோதுமையை நிறுத்துவதற்கு முன்னரே சீலியக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பின்னர் செய்தால், நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும்.

விருந்துக்கு அழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஒரு நாளைக்குச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது' என்று சொல்லி இலையில் கறியை ஊற்றுவதை அன்பு என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு நாளின் இரவை அவர்தான் கழிக்க வேண்டும். வெறுஞ்சோற்றையும் மீனையும் கேட்பவருக்கு அவற்றை முகம் சுளிக்காமல் கொடுங்கள். அவர் அடுத்த முறையும் வருவார்.

என் நண்பருக்கு இவ்வளவையும் தொலைபேசியிலேயே சொன்னேன். "உன்னுடைய வயிற்றோடு நீ விளையாடு, என்னுடையதை விட்டுவிடு" என்றார். நான் விடப்போவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பேன். அவரது பட்டியலை அனுபவமுள்ள ஓர் உணவியலாளரிடம் கொண்டுபோகச் சொல்வேன். அதுவரையில் அவரிடமும் அவரைப் போன்ற வாசகர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கும் அந்தத் தாளின் மேல் முடிவுத் திகதி ஒன்றை எழுதுங்கள். திகதி போடாத தடையை இயற்றுபவரை, அவர் வைத்தியரானாலும் வியாபாரியானாலும் நாமே ஆனாலும், கேள்வி கேளுங்கள்.