முன்பணம் வாங்குபவருக்குப் பதிவு வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெயில் ஏறத் தொடங்கினால் போதும், "சார், உங்க ஏ.சி.க்கு ஏ.எம்.சி. முடியப் போகுது, இன்னிக்கே கட்டினா ஆஃபர்" என்று போன் வந்துவிடுகிறது. ஆர்.ஓ. மெஷின், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் என்று எதை எடுத்தாலும் ஏ.எம்.சி. என்ற பெயரில் வருடப் பராமரிப்புச் சந்தா. டி.வி. வாங்கப் போனால் பில் போடும் இடத்திலேயே எக்ஸ்டெண்டட் வாரண்டியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு வேலையைப் பிறகு செய்வதாகச் சொல்லும் இந்தத் தொழிலை நடத்த, ஜி.எஸ்.டி. எண்ணும் கடை உரிமமும் இருந்தால் போதும். அரசும் தன் பங்குக்கு 18 சதவீத வரியைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் வசூலித்த பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்பதற்கென்று தனி அதிகாரி கிடையாது. இதைக் கண்டித்தே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்கு உள்ளூர் டீலர் ஒருவரிடம் ஏ.எம்.சி. போட்டிருந்தோம். ரசீதில் கம்பெனியின் முத்திரை பெரிதாக இருந்தது. வருடம் முடியும் முன்பே டீலர் கடையை மூடிவிட்டார். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தால், "அவர் இப்போது எங்கள் டீலர் இல்லை, நீங்கள் புதிதாக ஏ.எம்.சி. போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். சரி, பழைய ஒப்பந்தத்தில் என்னதான் இருக்கிறது என்று பொடி எழுத்தைப் படித்தால், தண்ணீரை வடிகட்டும் மெம்பரேன் சேராது, மோட்டார் சேராது, மின்னழுத்தக் கோளாறால் வரும் பழுது சேராது. உப்புத் தண்ணீர் ஊரில் முதலில் போவதே மெம்பரேன்தான். அதை விட்டுவிட்டு எதற்குக் காப்பு? வீட்டுக்கு வரும் சர்வீஸ் பையன்களை நான் குறை சொல்லவில்லை. பேசும் இடத்தில் பேச முடியாமல் நம்மிடம் ஏச்சு வாங்குபவர்கள் அவர்கள்.

ஊரில் சீட்டு நடத்துபவருக்குக்கூடச் சட்டம் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி அவர் சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தை வங்கியில் பிணையாகக் கட்டிவிட்டுத்தான் சீட்டைத் தொடங்க முடியும். ஓடிப்போனால் அந்தப் பணமாவது மிஞ்சும். பைனான்ஸ் கம்பெனிகள் கவிழ்ந்து மக்கள் தெருவுக்கு வந்தபோது, வைப்பாளர்களைக் காக்க 1997-இல் தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது. காப்பீட்டிலும் பாதுகாப்பு உண்டு. ஆயுள் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ எடுத்தவருக்கு, பத்திரத்தைப் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் இருக்கிறது. எக்ஸ்டெண்டட் வாரண்டியும் 'நாளை கெட்டுப்போனால் பார்த்துக்கொள்கிறோம்' என்று விற்கப்படுவதுதானே? அதை வாங்கியவருக்கு மட்டும் ஏன் ஒரு நாள் அவகாசம்கூடச் சட்டத்தில் இல்லை?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல சட்டமும்கூட. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றை முதன்முறையாக வரையறுத்தது. காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறிப்பதும், வாடிக்கையாளரைக் கேட்காமலே அவருக்குப் பாதகமாக ஒப்பந்தத்தை இன்னொருவர் கைக்கு மாற்றிவிடுவதும் அதில் அடக்கம். ஏ.எம்.சி. வியாபாரத்தில் நடப்பதைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. ஆனால் அத்தகைய நிபந்தனை செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கும் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும்தான் உண்டு, மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. சேவைக் குறைபாடு என்று மாவட்டத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் பொடி எழுத்து நிபந்தனையையே ரத்து செய்யச் சொல்ல வேண்டுமென்றால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். நாலாயிரம் ரூபாய் ஏ.எம்.சி.க்காக யார் போவார்கள்? போக மாட்டார்கள் என்று தெரிந்துதானே அந்த நிபந்தனைகளை எழுதுகிறார்கள்!

வெளிநாட்டை உதாரணம் காட்டினால் நம்மவர்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் பல மாநிலங்கள் இத்தகைய ஒப்பந்தங்களுக்கென்றே சட்டம் வைத்திருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் இவற்றை வழங்கும் நிறுவனங்கள் காப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தம் பொறுப்புக்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், அல்லது கொடுத்த க்ளைம் போக வசூலில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்கி வைக்க வேண்டும், அல்லது பெரும் சொத்து மதிப்பைக் காட்ட வேண்டும். சட்டம் இருப்பதாலேயே அங்கே ஏமாற்று ஒழிந்துவிடவில்லை. கார் பழுதுக்கான ஒப்பந்தம் விற்கும் கார்ஷீல்டு நிறுவனம், விளம்பரத்தில் மக்களைத் தவறாக நம்பவைத்தது என்ற புகாரைத் தீர்க்க, 2024-இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்திடம் 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. தட்டிக் கேட்கும் அமைப்பு ஒன்று அங்கே இருந்ததால் அந்தப் பணமாவது வந்தது.

இங்கேயும் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் ஓட்டல் சேவைக் கட்டணத்துக்கு வழிகாட்டு நெறிமுறை போட்டது. இணையக் கடைகளில் நாம் கேட்காத பொருளைக் கூடையில் திணிப்பது உள்ளிட்ட தந்திரங்களுக்கு எதிராக 2023 நவம்பரில் இன்னொன்று. ஏ.எம்.சி.க்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கும் அதே போல ஒன்றைப் போட என்ன தடை? எது சேராது என்பதை முதல் பக்கத்தில் தமிழில் அச்சிடச் சொல்லலாம். டீலர் போனாலும் கம்பெனியே பொறுப்பு என்று எழுதச் சொல்லலாம்.

மாநில அரசும் 'இது மத்தியச் சட்டம்' என்று கைகழுவ முடியாது. அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒரு பகுதியில் நுகர்வோர் கூட்டமாகப் பாதிக்கப்பட்டால் புகாரை விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்குத் தருகிறது. மாவட்ட நுகர்வோர் பாதுகாப்பு மன்றத்தின் தலைவரும் ஆட்சியரே. கடையை மூடிய ஒரு டீலரிடம் சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர் என்று ஆட்சியர் ஒரு முறை கேட்டாலே அந்தக் கம்பெனிக்கு உறைக்கும்.

நுகர்வோர் பாதுகாப்புத் துறை அமைச்சர் இதைக் கவனித்து, ஆட்சியர்களுக்கு உடனே சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். முன்பணம் வாங்கும் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவு செய்யவும், அவர்களிடம் பிணைத் தொகை வாங்கவும் மாநில அளவில் சட்டம் கொண்டுவர வேண்டும். என்னைப் போல ஏமாந்த வாசகர்களே, ரசீதைக் குப்பையில் போட்டுவிடாமல் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். நகலை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுங்கள். தனித்தனியாகப் போகாமல் தெருவாகச் சேர்ந்து போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.