கன்னூபி என்னும் பெயர்

முதிர்ந்த பரோலோ ஒயின்களைச் சுவைத்து எழுதும் நண்பர்களிடையே ஒரு தரவரிசை நிலைபெற்றுவிட்டது. ஒரே தோட்டத்தின் பெயரைத் தாங்கி வந்தால் உயர்ந்தது. பல தோட்டங்களின் கலவை என்றால் இரண்டாந்தரம். இதை நாம் ஏற்பதற்கில்லை.

வட இத்தாலியின் பியமோந்தே பகுதியில், பதினோர் ஊர்களின் குன்றுச் சரிவுகளில் விளையும் நெபியோலோ திராட்சையிலிருந்து மட்டுமே பரோலோ உருவாகிறது. லா மோர்ராவின் ஒயினில் மணம் மிகுதி; செர்ராலுங்காவினுடையது இறுகிய துவர்ப்புடையது, இணங்கி வரப் பல்லாண்டு பிடிக்கும். ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்புவதே அங்கு நெடுநாளைய வழக்கம். தோட்டத்தைத் தனியே பிரித்துப் பெயரிடுவது 1961ஆம் ஆண்டு விளைச்சலில், புரூனோத்தோ, வியெத்தி ஆகிய நிறுவனங்களின் வழியேதான் வேர்கொண்டது. அதை ஆதி மரபாகப் பேசுவது வரலாற்றுக்கு அடுக்காது.

2005இல் மறைந்த பார்த்தொலோ மஸ்கரெல்லோ, நான்கு தோட்டங்களின் கனிகளைக் கடைசிவரை ஒரே ஒயினாகவே வடித்தார். அவற்றுள் ஒன்று புகழ்பெற்ற கன்னூபி. அதைத் தனியே குப்பியிலிட்டுக் கூடுதல் விலை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அந்தக் கன்னூபிக்கு நேர்ந்தது என்ன? நடுப்பகுதி ஏறத்தாழ 15 ஹெக்டேர். அருகிலுள்ள சரிவுகளும் வெறுமனே 'கன்னூபி' என்று பெயரிட்டுக்கொள்ளலாம் என 2010இல் அரசு அனுமதிக்கவே, அது 34 ஹெக்டேராகப் பெருத்தது. மஸ்கரெல்லோவின் மகள் உள்ளிட்ட உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்து 2012இல் வென்றனர். 2013இல் மேல்முறையீட்டில் தோற்றனர். பெயர்ச்சீட்டு காட்டும் நிலத்தின் எல்லையை இறுதியில் வகுத்தது மண் அன்று, நீதிமன்றம்.

அப்படியானால் நிலத்துக்குச் சுவையில் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் முதற்பொருள் என்று இலக்கணம் வகுத்தவர்கள் நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே சொன்னார்கள் (தமிழ் வகுப்பின் பழக்கம், பொறுத்தருள்க). வெயில் கடுத்த ஆண்டும் மழை கெடுத்த ஆண்டும் ஒரே சரிவில் வெவ்வேறு ஒயினைத் தருகின்றன. அதன்பின் செய்பவர் கை. பரோலோ 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் என்பது சட்டம். எந்தப் பீப்பாய் என்பது அவரவர் விருப்பம். ஒரே தோட்டத்தின் கனியை ஒருவர் பழைய பெரும்பீப்பாயில் வைக்கிறார். மற்றொருவர் 225 லிட்டர் கொள்ளும் புதிய ஓக் பீப்பாயில் வைத்து வனிலா மணம் ஏற்றுகிறார். இருபதாண்டுக்குப் பின் தக்கையும் நிலவறையும் வேறு குறுக்கிடுகின்றன; ஒரே பெட்டியின் இரு குப்பிகள்கூட ஒத்திருப்பதில்லை. இவ்வளவையும் விழுங்கிவிட்டு, 'இந்தத் தோட்டம் அந்தத் தோட்டத்தை வென்றது' என்று தீர்ப்பெழுத எப்படித் துணிகிறார்கள்?

தோட்டங்களை ஒப்பிட வேண்டுமா? ஒருவரே ஒரே ஆண்டில் வடித்த இரு தோட்டத்து ஒயின்களை வையுங்கள். உற்பத்தியாளர்களை ஒப்பிட வேண்டுமெனில் தோட்டமும் ஆண்டும் ஒன்றாக இருக்கட்டும். பெயர்ச்சீட்டை மறையுங்கள். அந்த வரிசையில் மஸ்கரெல்லோவின் கலவை ஒன்றையும் சொல்லாமல் சேர்த்து வைத்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.